கையெழுத்துக்கு முன்பே!

1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய மசோதாவின் வரைவை, மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் நில வளத் துறை 2025 மே மாதத்தில் மக்கள் கருத்துக்காக வெளியிட்டது. இணையவழிப் பதிவு, மின்னணுச் சான்றிதழ், விற்பனை ஒப்பந்தத்துக்கும் கட்டாயப் பதிவு என வரவேற்கத்தக்க அம்சங்கள் பல அந்த வரைவில் இருந்தன. நூறாண்டுகளைக் கடந்த சட்டத்தைக் காலத்துக்கேற்ப மாற்ற வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால், வாழ்நாள் சேமிப்புடன் பதிவு அலுவலகத்தின் வாசலில் நிற்கும் சாமானியருக்கு, தான் கையெழுத்திடப் போகும் பத்திரம் தன்னைக் காக்குமா, கவிழ்க்குமா என்பதை எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் விடையின்றி நிற்கிறது.

பத்திரம் பதிவாகிவிட்டால் சொத்து தனதாகிவிட்டது என்றுதான் பெரும்பாலோர் நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்தியாவில் பதிவு செய்யப்படுவது ஆவணம்தானே தவிர, உரிமை அல்ல. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராயும் அதிகாரம் 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சார்-பதிவாளருக்கு வழங்கப்படவில்லை என்பதை 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் மீண்டும் தெளிவுபடுத்தியது. மூல ஆவணத்தைக் காட்ட வேண்டும் என்று வலியுறுத்திய தமிழ்நாடு பதிவு விதி ஒன்றையும் அதே தீர்ப்பில் ரத்து செய்தது. ஆக, அரசு முத்திரை இருந்தாலும் உரிமையைச் சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் வாங்குபவரின் தலையில்தான் விழுகிறது.

இதன் விளைவு என்ன என்பதற்குத் தலைநகர் தில்லியே சாட்சி. முத்திரைத்தாள் கட்டணத்தைத் தவிர்க்கவும், சொத்தைக் கைமாற்றுவதற்கு இருந்த தடைகளைக் கடக்கவும் பொது அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகிய மூன்றை மட்டும் எழுதிக்கொண்டு வீடு வாங்குவது இங்கு பல்லாண்டுகள் வழக்கமாக இருந்தது. இவை உரிமை மாற்றம் ஆகா. பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம் மட்டுமே உரிமையைத் தரும் என்று 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தில்லியின் 1,731 அங்கீகாரமற்ற குடியிருப்புகளில் இத்தகைய காகிதங்களை நம்பி வாழ்ந்தவர்களுக்கு உரிமை வழங்க 2019-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. பயன்பெறுவோர் சுமார் 40 லட்சம் பேர் என்று அரசு அப்போது கூறியது. வாங்கிய அன்றே ஒரு வழக்குரைஞர் அந்தக் காகிதங்களைப் படித்துப் பார்த்திருந்தால், எத்தனையோ குடும்பங்கள் தாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதையாவது அறிந்திருக்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கதை வேறு விதம். ஆம்ரபாலி நிறுவனத்தை நம்பிய 42,000-க்கும் மேற்பட்டோரின் வீடுகளைக் கட்டி முடிக்கும் பணியை 2019 ஜூலையில் அரசு நிறுவனமான என்பிசிசியிடம் உச்சநீதிமன்றமே ஒப்படைக்க நேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், குருகிராம் திட்டம் ஒன்று தொடர்பான வழக்கில், வாங்குபவர் தவணை தாமதித்தால் 18 சதவீத வட்டி, கட்டுமான நிறுவனம் தாமதித்தால் 9 சதவீத வட்டி என்றிருந்த ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை நியாயமற்ற வணிக நடைமுறை என்று அந்த நீதிமன்றம் கண்டித்தது. அச்சிட்டுத் தரப்படும் ஒப்பந்தத்தைப் படிக்காமலேயே பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திடுவதுதான் நம்மில் பலரது வழக்கம்.

2016-இல் இயற்றப்பட்ட மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் நிலைமையை ஓரளவு மாற்றியிருக்கிறது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது. கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்தாண்டுகள் பொறுப்பேற்க வேண்டும் என்பவை சிறந்த பாதுகாப்புகள். ஆனால், 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் அமையும் திட்டங்களுக்கும், எட்டு வீடுகளுக்கு மிகாத திட்டங்களுக்கும் பதிவிலிருந்து விலக்கு உண்டு. ஒருவரது பழைய வீட்டை மற்றவர் வாங்குவது இந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வருவதில்லை.

குடும்பச் சொத்துகளில் சிக்கல் இன்னும் ஆழமானது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே மகள்களுக்கும் சம உரிமை உண்டு என்பதை 2020 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. ஆனாலும், மகன்களின் கையெழுத்தை மட்டும் பெற்றுப் பூர்விக நிலத்தை வாங்கிவிட்டு, பிறகு பாகப்பிரிவினை வழக்கில் எதிர்வாதியாக நிற்பவர்கள் ஏராளம். வாரிசுச் சான்றையும் மூலப் பத்திரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒருவரால் எளிதில் தவிர்க்கக்கூடிய வழக்குகள் இவை.

வங்கி கடன் கொடுக்கிறது, அதன் வழக்குரைஞர் பார்த்திருப்பார் என்பது மற்றொரு நம்பிக்கை. வங்கியின் வழக்குரைஞர் பார்ப்பது வங்கியின் கடனுக்கான பாதுகாப்பை. வாங்குபவரின் நலனை அல்ல. பத்திர எழுத்தரோ சொன்னதை எழுதுபவர். இடைத்தரகருக்கு இருவரிடமும் கூலி. ஆக, அந்த மேஜையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களில் வாங்குபவருக்காக மட்டும் பேசுபவர் எவரும் இல்லை.

இந்தக் குறையைப் போக்கப் புதிய சட்டம் தேவையில்லை. பணமில்லை என்பதால் எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 39-ஏ பிரிவு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், சட்டப் பணி என்பதற்கு நீதிமன்றத்தில் வாதாடுவது மட்டுமல்ல, சட்டம் சார்ந்த எந்த விஷயத்திலும் ஆலோசனை வழங்குவதும் என்றே விளக்கம் தருகிறது. பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமான வரம்பின்றி இந்த உதவியைப் பெறலாம். மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. இருந்தும், வழக்கு வந்த பிறகு நாடும் இடமாகவே சட்ட உதவி மையம் மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது.

சார்-பதிவாளர் அலுவலகங்களில் சட்டப் பணிகள் ஆணையத்தின் வழக்குரைஞர் ஒருவர் குறிப்பிட்ட நாள்களிலாவது அமர வேண்டும். தகுதியுள்ளோருக்கு இலவசமாகவும், மற்றவர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட சிறு கட்டணத்திலும் வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், வாரிசு விவரம், கட்டட அனுமதி ஆகியவற்றைப் பார்த்து எழுத்து மூலம் கருத்துத் தர வேண்டும். எந்த மொழியில் பத்திரம் இருந்தாலும் அதன் சாரத்தை வாங்குபவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். செலவாகுமே என்று அரசுகள் தயங்கத் தேவையில்லை. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணமாக மக்களிடம் பெறும் தொகையில் ஒரு சிறு பகுதியே போதும். பதிவுச் சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றம் முற்படும்போது, இந்த ஏற்பாட்டையும் அதில் இடம்பெறச் செய்யக் கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் வலியுறுத்த வேண்டும்.

உரிமையியல் வழக்கு ஒரு தலைமுறையையே விழுங்கிவிடும் நாட்டில், தீர்ப்பில் வெற்றி பெறுவதைவிட வழக்கே வராமல் தடுப்பதுதான் உண்மையான நீதி.