மயில்கள் கலைந்தது யார் குற்றம்?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் மார்ச் மாதம் வந்தால் 68 அணிகள் மோதும். ஒரே ஒரு ஆட்டம் தோற்றாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். நான்கு பிரிவுகளிலும் 1 முதல் 16 வரை தரவரிசை உண்டு. 15-ஆம் இடத்து அணி முதல் ஆட்டத்திலேயே 2-ஆம் இடத்து அணியிடம் அடிவாங்கி ஊர் திரும்பும் என்பது பெரும்பாலும் எழுதி வைத்த விதி. 2022-இல் செயின்ட் பீட்டர்ஸ் திரும்பவில்லை.

ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில் மன்ஹாட்டன், இக்கரையில் ஜெர்சி சிட்டி. அங்கே 1872-இல் இயேசு சபையினர் தொடங்கிய சிறிய கல்லூரி அது. அணிக்குப் பெயர் 'மயில்கள்'. புலி, கரடி, கழுகு என்று பெயர் சூட்டிக்கொள்ளும் கூட்டத்தில் இது கொஞ்சம் வேடிக்கையானதுதான். அந்தப் பருவத்தின் டிசம்பரில் கோவிட் தொற்றால் வாரக்கணக்கில் ஆட்டமே இல்லை. இந்த அணி வரலாறு படைக்கும் என்று அப்போது யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

மார்ச் 17. எதிரே கென்டக்கி: எட்டு முறை தேசியப் பட்டம் வென்ற அணி, ஆண்டுக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் ஜான் கலிபாரி. அதன் நட்சத்திரம் ஆஸ்கர் ஷிப்வே தனியாளாக 30 புள்ளி எடுத்தார். அப்படியும் கூடுதல் நேரத்தில் 85-79 என்று மயில்கள் வென்றன. டேரில் பேங்க்ஸ் 27 புள்ளி, மாற்று ஆட்டக்காரராக இறங்கிய மீசைக்காரர் டக் எடர்ட் 20 புள்ளி. அடுத்து மர்ரி ஸ்டேட், 70-60. அதற்கடுத்து, ஏழடி நான்கங்குலச் சாக் ஈடியை நடுவில் நிறுத்தியிருந்த பர்டியூ, 67-64. 15-ஆம் இடத்து அணி ஒன்று கடைசி எட்டுக்குள் கால் வைத்தது அதுவே முதல் முறை. மார்ச் 27-இல் வட கரோலினாவிடம் 69-49 என்று தோற்றதோடு கதை முடிந்தது. மொத்தமே பத்து நாள்.

மூன்றே நாளில் பயிற்சியாளர் ஷஹீன் ஹாலோவே, தாம் படித்து விளையாடிய சீட்டன் ஹாலுக்குப் போய்விட்டார். பின்னாலேயே வீரர்கள். பேங்க்ஸ் செயின்ட் பொனவென்ச்சருக்கு, எடர்ட் பிரையன்டுக்கு, கே.சி. என்டிஃபோ சீட்டன் ஹாலுக்கு, மாலி நாட்டு இரட்டையர் டிராமே சகோதரர்கள் லா சாலுக்கு. அடுத்த பருவத்தில் கல்லூரி 14 ஆட்டம் வென்று 18 தோற்றது.

'விசுவாசம் செத்துவிட்டது' என்று அப்போது புலம்பியவர்கள் உண்டு. இந்தப் புலம்பல் நியாயமற்றது. பயிற்சியாளர்கள் காலகாலமாக ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு பெரிய இடம் தேடிப் போனார்கள். அதற்கு முன்னேற்றம் என்று பெயர். வீரன் கல்லூரி மாறினால் மட்டும் ஓராண்டு வெளியே உட்கார வேண்டியிருந்தது. அந்தத் தண்டனையை 2021-இல்தான் ஒருமுறை மாறுவோருக்கு நீக்கினார்கள். தன் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கும் உரிமையும் அதே ஆண்டில்தான் வந்தது. எடர்டின் மீசைக்குச் சில நாளிலேயே பஃபலோ வைல்ட் விங்ஸ் உணவகத்தின் விளம்பரம் கிடைத்தது. கிடைக்கட்டுமே. இருபது வயதுப் பையன் தன் ஒரே நல்ல மார்ச் மாதத்தைக் காசாக்கினால் யாருக்கு என்ன நட்டம்?

நட்டம் வேறொரு இடத்தில் இருக்கிறது. பேங்க்ஸ், எடர்ட், என்டிஃபோ போன்றவர்கள் ஹாலோவேயிடம் சில பருவங்கள் சேர்ந்து ஆடி வளர்ந்தவர்கள். தற்காப்பில் ஒருவர் நகர்ந்தால் அடுத்தவர் எங்கே நிற்பார் என்று பார்க்காமலே தெரியும். இப்படிப்பட்ட அணி இனிச் சிறிய கல்லூரியில் முதிர்வது கடினம். இரண்டாம் ஆண்டில் நன்றாக ஆடுபவனை மூன்றாம் ஆண்டில் பணக்காரக் கல்லூரி அழைத்துக்கொள்கிறது. 2025 ஜூலை முதல் ஒரு கல்லூரி தன் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம்; முதல் ஆண்டின் வரம்பு 2.05 கோடி டாலர். ஜெர்சி சிட்டியில் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? அதே 2025 மார்ச்சில் கடைசிப் பதினாறு அணிகளும் நான்கே பெரிய லீக்குகளிலிருந்து வந்தவை.

சிறிய கல்லூரி போட்டிக்கு வரவே முடியாது என்றில்லை: செயின்ட் பீட்டர்ஸ் 2024-இல் மீண்டும் தகுதி பெற்று, மீண்டும் 15-ஆம் இடத்தில் நின்றது; ஆனால் டென்னஸியிடம் 83-49 என்று தோற்றது.

சிறிய கல்லூரியிலும் அணி முதிர வேண்டும் என்பதற்காக வீரர்களைப் பழையபடி கட்டிப்போட வேண்டியதில்லை. பணம் போகும் வழியை மாற்றலாம். இந்தப் போட்டியின் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பகுதி, அணிகள் ஆடிய ஆட்டங்களைக் கணக்கிட்டுப் பிரிக்கப்படுகிறது. அது கல்லூரிக்கு நேராக வருவதில்லை. கல்லூரி சேர்ந்திருக்கும் லீக்கிடம் போகிறது, அதுவும் ஆறு ஆண்டுத் தவணையில். 2022 ஆட்டங்களுக்கான கடைசித் தவணை 2028-இல். அப்போது அந்த வீரர்களில் ஒருவர்கூடக் கல்லூரியில் இருக்க மாட்டார். அந்தப் பணத்தில் பெரும்பங்கை, வென்ற கல்லூரிக்கே, அடுத்த பருவம் தொடங்குமுன், அங்கேயே தொடர்ந்து ஆடச் சம்மதிக்கும் வீரர்களின் ஊதியமாகக் கொடுத்தால் என்ன? பேங்க்ஸும் என்டிஃபோவும் அப்போதும் போயிருக்கலாம். ஆனால் அவர்களை இருக்கச் சொல்லிக் கேட்கக் கல்லூரியின் கையில் ஏதாவது இருந்திருக்கும்.