விறகடுப்புச் சுவை உங்களுக்கு, புகை யாருக்கு?

தோப்புல காய் போடுற வேலை முடிஞ்சு ரெண்டு நாளா கொஞ்சம் ஓய்வு. பொங்கல்ல இருந்து மனசை உறுத்திக்கிட்டு இருக்கிற ஒரு விஷயத்தை எழுதிடலாம்னு உட்கார்ந்திருக்கேன். படிக்கிற பட்டணத்து நண்பர்களுக்குக் கொஞ்சம் கசக்கும். கசக்கட்டும்.

பொங்கலுக்கு எங்க அக்கா மகன் சென்னையிலிருந்து குடும்பத்தோட வந்திருந்தான். புதுசா அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கான். சமையலறைக்கு 'ஹாப்' வாங்கணுமாம். கிரானைட் மேடையை வெட்டி உள்ளே பதிக்கிற அடுப்புக்குத்தான் அந்தப் பேரு. மூணு பர்னரா நாலு பர்னரா, மேலே கண்ணாடியா எவர்சில்வரா, தீ அணைஞ்சா தானாவே கேஸை நிறுத்துற வசதி இருக்கா, இல்லே கேஸே வேண்டாம்னு இண்டக்ஷன் போட்டுடலாமா... மூணு நாளா போனைக் கையில வெச்சுக்கிட்டு இதே ஆராய்ச்சி. அடுப்புக்கு மேலே புகை உறிஞ்ச ஒரு சிம்னி வேற. தாளிக்கிற புகை அவன் வீட்டுப் பொண்ணுக்கு ஒத்துக்கலையாம். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லலை.

மூணாம் நாள் எங்க வீட்டு விறகடுப்புல நாட்டுக்கோழிக் குழம்பு. ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுட்டு அதே பையன் சொல்றான்: "மாமா, வீட்டுல என்ன வேணாலும் மாத்துங்க. இந்த அடுப்பை மட்டும் மாத்திடாதீங்க. இந்த டேஸ்ட் வேற எங்கேயும் வராது."

என் சம்சாரம் அப்போ முந்தானையில கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்தா. காத்து அன்னைக்குக் கிழக்கே திரும்பிப் புகை பூரா உள்ளேயே சுத்திக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணும் பேசலை. எல்லாரும் கிளம்பிப் போன ராத்திரிதான் பேசினா.

"ஏனுங்க, வெங்காயம் தாளிக்கிறதுக்கே அவங்களுக்குப் புகை மிஷின் வேணுமாமா. எனக்கு மட்டும் இந்த அடுப்பை மாத்தக்கூடாதாமா?"

மாப்பிள்ளையை மட்டும் திட்டி இந்தப் பதிவை முடிச்சிருந்தா எனக்கு வசதியா இருந்திருக்கும். ஆனா நாலு வருஷத்துக்கு முன்னால இதே இடத்துல விறகடுப்புக்குப் புகழ்மாலை போட்டவன் நான்தான். பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்க அம்மா ஊதாங்குழலோட அடுப்பு முன்னால குனிஞ்சிருக்கிற போட்டோ, கூடவே மண்வாசனை, கைப்பக்குவம்னு ஒரு நீளமான கட்டுரை. நான் எழுதினதுலயே அதிகம் பேர் பாராட்டினது அதுதான். அந்த ராத்திரி சம்சாரம் போனை வாங்கி அதே போட்டோவை விரலால் பெருசு பண்ணிக் காட்டினா. "அத்தை கண்ணுல தண்ணி ஊத்துது பாருங்க. நீங்க அதை சந்தோஷம்னு எழுதி வெச்சிருக்கீங்க."

பார்த்தேன். ஊத்துது.

அந்தப் போட்டோ எடுத்து ரெண்டு வருஷத்துல அம்மாவுக்கு இளைப்பு முத்திப்போச்சு. மாட்டுக்கொட்டாய்க்கு நடந்து போயிட்டு வந்தாலே திண்ணையில பத்து நிமிஷம் உட்காரணும். டவுன் ஆஸ்பத்திரியில குழாய்ல ஊதச் சொல்லிப் பரிசோதனை பண்ணினாங்க. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு என்னைக் கேட்டார், "வீட்டுல யாராவது சிகரெட் பிடிக்கிறீங்களா?" இல்லைங்கன்னேன். "அம்மா புகையிலை, சுருட்டு?" வெத்தலைகூடப் போடாதுங்க. அவர் பேனாவை வெச்சுட்டு, "அப்ப விறகடுப்பா? எத்தனை வருஷம்?" என்றார். நான் கணக்குப் போடுறதுக்குள்ள அம்மாவே சொல்லிருச்சு: "கல்யாணமாகி வந்த நாள்ல இருந்துங்க. அம்பது வருசம் ஆகுதுங்க."

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாம். வாழ்நாள் முழுக்க இன்ஹேலர். போன நுரையீரல் போனதுதான், இனி கெடாம பார்த்துக்கலாம்னு சொன்னார்.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வீட்டுக்குள் விறகு, சாணி, கரி, மண்ணெண்ணெய் எரிக்கும் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் செத்திருக்கிறார்கள். நம்ம சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டுக் கிராமத்துச் சமையலறைகளுக்குள்ளேயே கருவி வைத்து இந்தப் புகையைப் பல வருஷமாக அளந்து எழுதி வருகிறார்கள். படிக்காதவன் நான்தான்.

சரி, சுவைக்கு வருவோம். விறகடுப்புல ருசி கூடும்னு சொல்றவங்க எதைச் சாப்பிட்டு அப்படிச் சொல்றாங்க? அன்னைக்குக் குழம்புல போட்டது எங்க வீட்டுச் சேவல். மசாலா அம்மியில அரைச்சது. தேங்காய் காலையில உடைச்சது. மண்சட்டி. ரெண்டு மணி நேரம் சின்னத் தீயில மூடி போட்டுக் கொதிச்சது. மூடின சட்டிக்குள்ள புகை எந்த வழியாப் போகும்? கத்தரிக்காயைச் சுட்டாலோ கருவாட்டைத் தணல்ல வாட்டினாலோ புகைக்கு ஒரு ருசி உண்டு, ஒத்துக்கிறேன். சோத்துக்கும் பருப்புக்கும் ரசத்துக்கும் என்ன வந்தது? இதே சேவல், இதே மசாலா, இதே சட்டியை எடுத்துப் போன வாரம் கேஸ் அடுப்புல சிம்ல வெச்சு, சொல்லாம கொள்ளாம எனக்குப் போட்டா. நான் வழக்கம் போல "விறகடுப்பு விறகடுப்புதான்"னு சப்புக்கொட்டினேன். அவ சிரிச்ச சிரிப்பு பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கும்.

அடுத்து 'விறகு இலவசம்'. இதைச் சொல்றது பெரும்பாலும் ஆம்பளைங்க. நானும் சொல்லியிருக்கேன். தோப்புல மட்டையும் பாளையும் பன்னாடையும் சும்மா விழுந்து கிடக்குது, எதுக்கு சிலிண்டருக்குக் காசைக் கொட்டணும்னு. அது தானா நடந்து வந்து அடுப்புல ஏறுதா? பொறுக்கணும், சுமக்கணும், வெட்டிக் காய வைக்கணும், ஐப்பசி மழைக்கு முன்னால ஏறக்கட்டணும். விறகு அடுக்கை இழுக்கும்போது தேள் இருக்கான்னு பார்க்கணும். இந்த வேலைக்குக் கூலி போடாததால இலவசம்னு தெரியுது. 2007-ல் கலைஞர் ஆட்சியில கேஸ் இணைப்போடு இலவச அடுப்பு கொடுத்தாங்க. 2016-ல் இருந்து மத்திய அரசோட உஜ்வாலா. இணைப்பு வந்துருச்சு. ஆனா எங்க பக்கம் பல வீட்டுல ரெண்டாவது சிலிண்டர் எடுக்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்றது அடுப்புப் பக்கமே போகாத ஆளு.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போட்டுப் பாருங்க. வீட்டு சிலிண்டர்ல 14.2 கிலோ கேஸ். அதுல இருக்கிற சூட்டை மின்சாரக் கணக்குல சொன்னா ஏறக்குறைய 180 யூனிட். நல்ல பர்னர்ல நூத்துக்கு 65 பங்கு பாத்திரத்துக்குப் போய்ச் சேரும், மிச்சம் பக்கவாட்டுல போயிரும். இண்டக்ஷன்ல பாத்திரமே சூடாகிறதால நூத்துக்கு 85 பங்கு வரைக்கும் சேரும். அப்படின்னா ஒரு சிலிண்டர் வேலைக்கு இண்டக்ஷன் சுமார் 140 யூனிட் கேட்கும். நம்ம கல்லடுப்புல? நூத்துக்குப் பத்துப் பதினைஞ்சு பங்குதான் சட்டிக்கு. மிச்சம் சுவத்துக்கும் ஆகாசத்துக்கும் நம்ம முகத்துக்கும். ஒரு சிலிண்டர் வேலைக்கு 200 கிலோவுக்கு மேல காய்ஞ்ச விறகு வேணும். அதைச் சுமந்தது யாருன்னு மறுபடியும் கேட்கலை.

அப்போ எல்லாரும் இண்டக்ஷனுக்கு மாறிடலாமே? பட்டணத்துல இருந்து வர்ற அடுத்த யோசனை அதுதான். கிராமத்துல ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டுக்குள்ள ஓடுற வீட்டுக்குக் கணக்கு லாபம்தான். கூட 140 யூனிட் ஓடினாலும் இதை எழுதுற நாளின் கட்டணத்துல ஒரு சிலிண்டர் விலையில ஏறக்குறைய பாதிதான் ஆகும். ஆனா ஏசி ஓடுற பட்டணத்து வீடு 500 யூனிட்டைத் தாண்டினா அடுக்கே மாறி, கீழ் அடுக்குச் சலுகையும் போய் பில் எகிறும். அதையும் பார்த்துக்கோங்க.

எங்க தொல்லை வேற. தோட்டத்து வீடு லைன் கடைசியில இருக்கு. சாயங்காலம் மோட்டார் எல்லாம் ஓடுற நேரம் வோல்டேஜ் இறங்கினா இண்டக்ஷன் கீக்கீன்னு கத்திட்டு நின்னுரும். 2000 வாட் அடுப்பு ஒம்பது ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், பழைய ஒயரிங்குல அதை மாட்டினா சுவிட்ச் கருகும். காந்தம் ஒட்டுற, தட்டையான அடியுள்ள பாத்திரம் மட்டும்தான் அதுல வேலை செய்யும். எங்க வீட்டு அலுமினிய வடச்சட்டி, பித்தளைப் போசி, மண்சட்டி ஒண்ணும் ஆகாது. பால் காய்ச்ச, காப்பி போட, காலையில இட்லிக்கு வெச்சுக்கிட்டா அருமையான சாமான். அவ்வளவுதான்.

சாண எரிவாயுவைப் பத்தி யாரும் பேசறதில்லை. எனக்கு அதுமேல இன்னும் ஆசை இருக்கு. ரெண்டு கனமீட்டர் கலனுக்கு தினம் 50 கிலோ சாணி வேணும், அதாவது நாலஞ்சு மாடு. ஒழுங்கா ஓடினா மாசம் ஒரு சிலிண்டருக்கு மேலயே கேஸ் வரும், கழிவு நேரா வயலுக்குப் போகும். எங்க அப்பா காலத்துல இருந்த கலன் இப்பவும் கொட்டாய்க்குப் பின்னால கிடக்குது, உள்ளே எருக்கஞ்செடி முளைச்சிருக்கு. அஞ்சு மாடு ரெண்டாயிருச்சு. தினம் சாணியும் தண்ணியும் சரிக்குச் சரி கரைச்சு ஊத்துற வேலையும் அம்மா தலையிலதான் இருந்துச்சு, அம்மாவுக்கு முடியாமப் போன வருஷம் கலனும் படுத்துருச்சு. திட்டம் நல்லதுதான், நாங்க ஆம்பளைங்க ஒரு நாள்கூட கரைச்சு ஊத்தலை.

இவ்வளவு சொல்லிட்டு விறகடுப்பை இடிச்சுட்டேன்னு நினைச்சா இல்லை. ராகிக் களி கிண்டணும்னா துடுப்பைப் போட்டு உடம்பு பலம் பூரா இறக்கிக் கிண்டணும். கண்ணாடி வெச்ச கேஸ் அடுப்பு மேல அந்த வேலை நடக்காது. நடத்தினா கண்ணாடிதான் நமக்கு மிஞ்சும். விசேஷத்துக்கு முப்பது பேருக்குச் சோறு, குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் காடி, இதுக்கெல்லாம் சிலிண்டர் கட்டுப்படியாகாது. அதனால கொடியடுப்பு ஒண்ணு களத்துல, வேப்பமரத்துக்கு மேற்கே, நாலு பக்கமும் திறந்த கூரைக்குக் கீழே புதுசாப் போட்டாச்சு. உள்ளே ரெண்டு பர்னர் கேஸ் அடுப்பு, பக்கத்துல இண்டக்ஷன் ஒண்ணு, அதுக்குன்னு தனி ஒயர் இழுத்தது. பழைய அடுப்பு இருந்த மூலையைச் சுண்ணாம்பு அடிச்சோம். மூணு கோட்டு அடிச்சும் கரி தெரியுது.

அம்மாவுக்குத்தான் அது பிடிக்கலை. "எம்மாமியா ஊதுனா, நா ஊதுனேன், இவளுக்கு மட்டும் என்ன"ன்னு ரெண்டு நாள் முணுமுணுப்பு. மூணாம் நாள் காலையில பார்த்தா, இண்டக்ஷன் பொத்தானை அமுக்கி அதுவே காப்பி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. நான் ஒண்ணும் கேட்கலை.

பழைய கட்டுரையை அழிச்சுடலாமான்னு யோசிச்சேன். சம்சாரம் வேண்டாம்னுட்டா. அதுக்குக் கீழேயே இந்தப் பதிவுக்கு வழி போட்டு வெச்சிருக்கேன்.

மாப்பிள்ளை நேத்துக்கூட போன் பண்ணினான், நாலு பர்னர் ஹாப் எடுக்கட்டுமான்னு. வீட்டுல மூணு பேரு, ரெண்டு வேளை சமையல், அதுலயும் பாதி நாள் வெளியில இருந்து வருது. நாலு பர்னர்லயும் ஒரே நேரத்துல நம்மூர்க் குண்டானையும் குக்கரையும் வெச்சா ஒண்ணை ஒண்ணு இடிக்கும். மேடையை வெட்டிட்டா நாளைக்கு வேற அளவு அடுப்பு மாத்தவும் முடியாது. மேலே வைக்கிற ரெண்டு இல்லே மூணு பர்னர் போதும்டான்னேன். தீ அணைஞ்சா கேஸ் நிக்கிற வசதி இருக்கட்டும், சின்னக் குழந்தை இருக்கிற வீடு. சிம்னி கண்டிப்பா போடு, அதுல கஞ்சத்தனம் பண்ணாதே.

அப்புறம் கடைசியா, "மாமா, அந்த அடுப்பு இருக்குல்ல?"ன்னு கேட்டான்.

இருக்குடா, களத்துல இருக்கு. அடுத்த பொங்கலுக்கு வா. விறகு நான் பிளந்து வைக்கிறேன், கோழி உங்க அத்தை அறுத்துத் தருவா. ஊதாங்குழலை உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்.