கஞ்சாவும் இன்னொரு தேயிலையா?

2025இல் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஏற்றுமதிக்காக இலங்கையில் கஞ்சா பயிரிட அரசு அனுமதி கொடுத்தது. அதே செடி நம்ம பையன் ஒருத்தன் சட்டைப்பையில் இருந்தால் பொலிஸ், கோர்ட். "வட்டவளைக்கும் வருமா?" என்று பசங்க சிரிச்சுக்கிட்டே கேட்கிறாங்க. சிரிச்சுவிட்டுப் போகிற கேள்வி இல்லை இது.

வட்டவளை மழைக்கு வெளியில் நட்டால் பூவில் பூஞ்சணம் பிடிக்கும். அறைக்குள்தான் வளர்க்கணும்: செடி வளர 18 மணித்தியால வெளிச்சம், பூக்க 12. ஆய்வுகூடத்தில் டிஎச்சி, சிபிடி அளவு பார்த்து, தேறிய தாய்ச்செடியில் துண்டு வெட்டி நாற்றுப் போடுவாங்க.

இது நமக்குப் புதுசா? தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்களை நம்ம அம்மாமார் தவறணையில் துண்டு நட்டுத்தான் வளர்த்தாங்க. வளர்த்தது நாம், ருசி பார்த்து விலை பேசியது கொழும்பு. நல்ல தூள் கப்பலேறியது, லயத்துக்கு டஸ்ட் வந்தது. வீடு கட்டக் கேட்ட 7 பேர்ச்சஸ் காணிக்கே உறுதி கேட்டு அலைகிறோம்.

கஞ்சா வேணுமா, வேணாமா என்பது தனி விவாதம். எந்தப் புதுப் பயிர் மலைக்கு வந்தாலும் நாம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: காணி யாருக்கு, ஆய்வுகூட வேலை யாருக்கு? கூடை மட்டும் நமக்கென்றால், வேணாம்.