வீட்டு வாசலில் நிற்கும் அதிகாரி

சைக்கிள் திருடிய வாலிபன் ஒருவன் கோர்ட்டில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். வயது 19. இதற்கு முன் குற்றம் செய்ததில்லை. அவனை ஜெயிலுக்கு அனுப்புவதா, வீட்டுக்கு அனுப்புவதா? நீதிபதிக்கு அவன் முகம் தெரியும்; அவன் வீடு தெரியாது. வீட்டைப் பார்த்துவந்து சொல்பவர்தான் நன்னடத்தை அதிகாரி.

சென்னை மாகாணத்தில் 1936-லேயே இதற்குச் சட்டம் உண்டு. 1958-ல் மத்திய சட்டம் வந்தது. ஆயுள் தண்டனை இல்லாத குற்றமானால், 21 வயதுக்கு உட்பட்டவரை எளிதில் ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது. அதிகாரியின் அறிக்கையைக் கேட்ட பிறகே கோர்ட்டு முடிவு செய்ய வேண்டும். ஒழுங்காக நடப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு, 3 ஆண்டுவரை கண்காணிப்பில் விடலாம்.

அந்த அதிகாரி எப்படிப்பட்டவர்? அதில்தான் எல்லாம் இருக்கிறது.

"திருட்டுக் கேஸ் பையன் வீடு இதுதானா?" என்று ஒருவர் தெருவே கேட்கும்படி கூப்பிடுகிறார். அப்புறம் அந்தப் பையனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? இன்னொருவர் திண்ணையில் உட்காருகிறார். "ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறான், அம்மா? சாப்பிடுகிறானா?" என்று கேட்கிறார். தாய் அழுதுகொண்டே உள்ளதைச் சொல்லிவிடுவாள். எந்த அறிக்கையில் உண்மை இருக்கும்?

"இரக்கம் காட்டினால் ஏமாற்றுவார்கள்" என்பார்கள். சிலர் ஏமாற்றத்தான் செய்வார்கள். சொன்ன சொல்லை மீறினால் கூப்பிட்டுத் தண்டிக்கக் கோர்ட்டு இருக்கிறதே! அதிகாரி இரண்டாவது போலீஸ்காரராக வேண்டியதில்லை. ஆலோசனை சொல்வதும், தேவைப்பட்டால் வேலை தேடிக் கொடுக்க முயல்வதும் அவர் கடமை என்று சட்டமே சொல்கிறது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1841-ல் ஜான் அகஸ்டஸ் என்ற பூட்ஸ் தைக்கும் தொழிலாளி, ஒரு குடிகாரனுக்குக் கோர்ட்டில் பொறுப்பேற்றார். அவருக்குச் சம்பளமும் கிடையாது, அதிகாரமும் கிடையாது. மூன்று வாரம் கழித்து அந்த மனிதன் குடியை விட்டு, ஆள் அடையாளமே தெரியாமல் வந்து நின்றான். நீதிபதி ஒரு சென்ட் அபராதமும் கோர்ட்டுச் செலவும் விதித்து அனுப்பினார்.

நம் அதிகாரிகளுக்கு அலைச்சல் அதிகம், எழுத்து வேலையும் அதிகம். அதை மறுக்கவில்லை. ஆனால் மேஜையில் உட்கார்ந்தே எழுதிய அறிக்கை ஒரு பிள்ளையின் வாழ்வைத் தீர்மானிக்கலாமா? நேரே போகட்டும். அப்படியே பக்கத்துப் பட்டறைக்காரரையும் பார்த்து, "ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், நானும் வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று கேட்கட்டும்.