பாரமும் வலியும்

கல்லூரி விழா மலருக்குக் கட்டுரை வரைவோர் பழம்பெருமை பேசுதல் மரபு. அம்மரபினை மதிக்கும் நாம், இம்முறை அன்றாட வாழ்வுக்குப் பயன்படுவதொரு பொருளை எடுத்துக்கொண்டோம். இழுக்கின்ற வண்டியின் வலிக்கும் அதன் பின்னே பூட்டப்படும் பெட்டியின் பாரத்துக்கும் உள்ள பொருத்தமே அப்பொருள். தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று அன்பர் சிலர் நகைக்கலாம். எம் முன்னோர் இதனைத் தமிழிலேயே கற்பித்துச் சென்றனர் என்பதே எமது விடை.

திருக்குறளின் 48ஆம் அதிகாரம் வலியறிதல். மயிலிறகு ஏற்றிய வண்டியை அங்கே காட்டும் வள்ளுவர், ஏற்றும் பொருள் எத்துணை மெல்லிதாயினும் அளவு கடந்தால் அச்சு முறியும் என்று உணர்த்துகின்றார். புறநானூற்றின் 102ஆம் பாட்டிலே ஒளவையார் உப்பு வணிகரின் வண்டியைக் கூறுகின்றார். எருதுகளோ இளையவை, ஏற்றிய பண்டமோ மிகுதி, வழியில் வரும் மேடுபள்ளங்களை முன்னரே அறிந்தார் எவருமிலர். ஆதலின் அவ்வணிகர் வண்டியின் அடியிலே வேறோர் அச்சினையும் கட்டிக்கொண்டு புறப்பட்டனர். இழுப்பதன் வலி, பண்டத்தின் பாரம், வழியின் இயல்பு, இடையூறு நேரின் காப்பு என்னும் நான்கினையும் அவர்கள் எண்ணினர். எருது நின்ற இடத்தில் இன்று எஞ்சின் நிற்கின்றது. எண்ண வேண்டியவை அந்நான்குமே.

அன்புவழிபுரத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் நெல், விறகு, மணல், கல், தண்ணீர் ஆகிய யாவும் உழவு இயந்திரப் பெட்டியிலே செல்லக் காண்கின்றோம். பெட்டி நிறைந்ததா என்று பார்ப்பவர் பலர். அதன் நிறை எவ்வளவு என்று கேட்பவர் சிலர். நிறைவு வேறு, நிறை வேறு. எம் நாட்டில் மணலைக் கியூப் கணக்கில் விற்பர். ஒரு கியூப் என்பது 100 கன அடி. அவ்வளவு இடத்தை நெல்லால் நிரப்பினால் ஏறக்குறைய 1,600 கிலோகிராம் ஆகும். உலர்ந்த மணலால் நிரப்பினால் ஏறக்குறைய 4,500 கிலோகிராம் ஆகும். மழையில் நனைந்த மணலாயின் 5,000 கிலோகிராமையும் தாண்டும். கண்ணுக்கு ஒரே நிரப்பு, பாரமோ மும்மடங்கு. நெல் ஏற்றிய பெட்டிதானே என்று எண்ணி மணலையும் அதே உயரத்துக்கு ஏற்றுபவர், கண்ணை நம்பிக் கணக்கைக் கைவிட்டவராவார்.

“எங்கள் மிசின் எதையும் இழுக்கும்” என்று பெருமை பேசுவாருளர். அது பெரும்பாலும் உண்மையே. ஆபத்தும் அங்கேதான் இருக்கின்றது. தாழ்ந்த கியரில் எஞ்சின் தன் அளவை மிஞ்சிய பாரத்தையும் மெல்ல நகர்த்திவிடும். நகர்ந்ததைக் கண்டு, பொருத்தம் சரி என்று முடிவு செய்தல் தவறு. நிறுத்த முடியுமா என்பதே கேட்க வேண்டிய வினா. வேகம் இருமடங்கானால் அதனை அடக்குவதற்குரிய ஆற்றல் நான்கு மடங்காகும். நான்கு சக்கர உழவு இயந்திரங்களுட் பெரும்பாலானவற்றிற்குப் பின் சக்கரங்களில் மட்டுமே பிறேக் உண்டு. வயலிலே திரும்புதற்கு உதவியாக அப்பிறேக்கின் மிதிகள் இடம், வலம் எனத் தனித்தனியே அமைந்திருக்கும். வீதிக்கு வரும்போது அவ்விரண்டினையும் கொளுவி ஒன்றாக்குதல் வேண்டும். மறந்து ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் சுழலும். பின்னுள்ள பெட்டியோ நேரே தள்ளும். அப்பெட்டிக்குத் தன் பிறேக் இல்லையாயின் விளைவினை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

லாண்ட்மாஸ்டர் என்று ஊரார் வழங்கும் இரு சக்கர இயந்திரத்தின் இயல்பு இன்னும் நுட்பமானது. சமநிலத்தில் இடப்பக்கக் கிளச்சினை அழுத்தினால் இடச்சக்கரம் விடுபட, வலச்சக்கரம் தள்ள, வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் பெட்டி பின்னிருந்து தள்ளும்போது அதே கிளச்சினை அழுத்தினால், விடுபட்ட இடச்சக்கரம் முந்தி ஓடும். எஞ்சினால் தடுக்கப்பட்ட வலச்சக்கரம் பிந்தும். வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும். பாரம் மிகுமளவிற்கு இத்தலைகீழ் மாற்றமும் விரைந்து நிகழும். பெட்டியின் மேல் அறுவடைத் தொழிலாளரோ, திருவிழாவிற்குச் செல்லும் குழந்தைகளோ அமர்ந்திருந்தால், பிழைத்த கணக்கின் விலையைக் கொடுப்பவர் அவர்களே.

பாரத்தின் அளவோடு அது வைக்கப்படும் இடமும் கருதத்தக்கது. அச்சுக்குப் பின்னே மிகுதியாக ஏற்றினால் பெட்டியின் முன்பக்கம் மேலெழும்பும். இழுக்கும் சக்கரங்கள் பிடிப்பிழக்கும். முன்னே மிகுதியானால் கொளுவி அழுந்தும். தண்ணீர்த் தாங்கியோ தனி இயல்பினது. 1,000 லீற்றர் தண்ணீர் 1,000 கிலோகிராம் என்று கணக்கிடுதல் எளிது. ஆயின் பாதி நிரம்பிய தாங்கியில் நீர் முன்னும் பின்னும் அலைந்து, திருப்பத்திலும் நிறுத்தத்திலும் வண்டியைத் தள்ளும்.

கடல்கடந்து வாழும் பழைய மாணவர்க்கும் இக்கணக்கு உரியதே. விடுமுறையில் வீடுபோன்ற காரவானைக் காரின் பின்னே பூட்டிச் செல்லும் வழக்கம் அந்நாடுகளில் உண்டு. முழுச் சாமானும் ஏற்றிய காரவானின் நிறை, காரின் நிறையில் நூற்றுக்கு 85 பங்கினை மிஞ்சலாகாது என்பது பிரித்தானியாவில் புதியோர்க்குக் கூறப்படும் அறிவுரை. கார் 1,600 கிலோகிராமாயின் காரவான் 1,360 கிலோகிராமுக்குள் அடங்க வேண்டும். காரைச் செய்தவர் குறித்த எல்லை இதனினும் குறைவாயின் அதுவே எல்லை. காரும் காரவானும் சேர்ந்த மொத்த நிறைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு கார் 1,800 கிலோகிராம் இழுக்கும் என்று எழுதியிருக்கலாம். மொத்த எல்லை 3,600 ஆகவும், குடும்பமும் பெட்டிபடுக்கையும் ஏறிய கார் 2,100 ஆகவும் இருப்பின், காரவானுக்கு எஞ்சுவது 1,500 மட்டுமே. அமெரிக்காவில் காரவானின் நிறையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு கொளுவியின் மேல் தங்க வேண்டும் என்பர். அது குறைந்தால் காரவான் பாம்பு போல் நெளியும். விளம்பரத்திலுள்ள பெரிய எண்ணை மட்டும் கண்டு வாங்குதல், மணற்பெட்டியைக் கண்ணால் அளப்பதை ஒத்ததே.

“இரண்டு நடை போனால் டீசலுக்கு யார் கொடுப்பது?” என்று ஓட்டுநர் கேட்பார். அக்கேள்வி நியாயமானது. நடைக்கூலி பெற்று வயிறு வளர்ப்பவர், பாரம் மிகுதி என்று மறுத்தால் அடுத்த நாள் வேலை வேறொருவரிடம் போய்விடும். ஆதலின் பழி முழுவதையும் ஓட்டுநர் தலையிற் சுமத்துதல் அறமன்று. ஒரே நடையில் முடிக்கச் சொல்லிக் கூலியைக் குறைப்பவர் வாடகைக்குப் பிடிப்பவரே. மணலும் கல்லும் வீடு கட்டும் எமக்காகவே வருகின்றன. இரண்டாம் நடைக்குரிய கூலியை மனமுவந்து கொடுப்பதே இவ்விடயத்தில் எமது முதற்கடன் என்பது எமது துணிபு.

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். ஊருக்கு உதவ விரும்பி உழவு இயந்திரமும் பெட்டியும் வாங்கிக் கொடுக்கும் அன்பர்கள், இரண்டினையும் ஒருங்கே எண்ணி வாங்குவாராக. தன் பிறேக் உள்ள பெட்டியையே தேர்க. பெட்டியின் வெறும் நிறையையும் ஏற்றத்தக்க பாரத்தையும் அதன் பக்கத்திலேயே தமிழில், தூரத்திலிருந்தும் படிக்கத்தக்க பெரிய எழுத்தில் எழுதுவிக்க. நெல்லுக்கு எவ்வுயரம், மணலுக்கு எவ்வுயரம் என்று உட்புறத்தே இரண்டு கோடுகள் வரைவிக்க. சிறிதளவு வர்ணமே இதற்குப் போதும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒன்று கூறி முடிப்போம். கணித வகுப்பில் கன அளவும் அடர்த்தியும் கற்பிக்கும்போது, வீதியிற் செல்லும் பெட்டி ஒன்றினை அளந்து கணக்கிடச் செய்க. தமிழ் வகுப்பில் வலியறிதலைக் கற்பிக்கும்போது அக்கணக்கினை நினைவூட்டுக. வள்ளுவர் அரசர்க்குக் கூறிய அறிவு, மண்வெட்டி பிடித்துப் பெட்டியில் மணல் ஏற்றும் இளைஞர்க்கும் உரியது. இன்னும் ஒரு கூடை என்று கேட்பவரிடம், போதும் என்று கூறும் துணிவு அவர்க்கு உண்டாதல் வேண்டும். அத்துணிவினைக் கல்வியால் ஊட்டுவோமாக.