நாற்பதுக்குப் பின் நடை

நாற்பது வயதைக் கடந்தோரை நடக்கச் சொல்வோர் இருவர்: ஒருவர் வைத்தியர், மற்றவர் மக்கள். வைத்தியருக்கு அஞ்சி நடப்போர் பலர். மக்களுக்காக நடப்போர் எத்தனை பேர்?

தமிழர் அரசியலுக்கு நடை புதிதன்று. தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிய 1956 ஆம் ஆண்டின் ஆகஸ்ட் மாதத்தில், தமிழரசுக் கட்சியின் அழைப்பை ஏற்றுத் தொண்டர்கள் திருமலைக்குக் கால்நடையாகவே சென்றனர். இன்றோ, நமது அரசியல் சக்கரங்களின் மீது ஊர்கிறது.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். அத்தூரத்தை இரு நாளில் நடந்து கடப்பதென அண்மையில் உறுதி பூண்டோம். உடன்வர இசைந்த ஒரே தொண்டர் நமது நாய். முதல் ஐந்து கிலோமீற்றர் அது முன்னே, நாம் பின்னே. அதன்பின் அது மேலும் முன்னே, நாம் மேலும் பின்னே! நீதிமன்றத்தில் தவணை கேட்டுப் பழகிய நாம், மரநிழல் தோறும் தவணை கேட்டோம். நாய் ஆட்சேபிக்கவில்லை, ஆனால் தவணை நீண்டபோது குரைத்தது.

ஒட்டுசுட்டானில் தேநீர் அருந்துகையில் கமக்காரர் ஒருவர், "ஐயா, கார் பழுதோ?" என்று வினவினார். தேர்தலில்லாக் காலத்தில் ஓர் அரசியல்வாதி நடந்து வருவதற்கு வேறு காரணம் அவருக்குத் தோன்றவில்லை. நமது அரசியல்மீது மக்கள் அளித்த தீர்ப்பு அதுவே.

அவர் தமது வயலோரத்தில் புதிதாக நடப்பட்டிருந்த எல்லைக்கல் ஒன்றைக் காட்டினார். தனியார் காணியைப் பத்தாண்டுகள் இடையூறின்றி ஆண்டவன் உரித்துக் கோரலாம் என்கிறது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அரச காணிக்கு அவ்விதி செல்லாது. ஆகவே, தலைமுறைகளாக உழுதவனும் ஒரு கல்லின் முன் கைகட்டி நிற்கின்றான். நாம் இதனை விளக்கிக்கொண்டிருக்கையில், நம் தொண்டர் அக்கல்லை அணுகி, பின்னங்கால் உயர்த்தித் தம் ஆட்சேபத்தைப் பதிவு செய்தார்! சட்டம் படித்த நாம் அச்செயலை ஆதரிக்க இயலாது. கமக்காரரோ வயிறு குலுங்கச் சிரித்தார்.

சிரிப்பு காணியை மீட்டுத் தராது. மக்களின் உறுதி தரும். 2017 ஜனவரி 31 இல் கேப்பாபிலவின் பிலக்குடியிருப்பு மக்கள் படைமுகாமின் எதிரே வீதியில் அமர்ந்தனர். மனுக்கள் கோப்புகளில் உறங்கின; மக்கள் பனியில் விழித்திருந்தனர். மார்ச் 1 இல் அவர்தம் நிலம் விடுவிக்கப்பட்டது. அம்மக்களுக்கு வழிகாட்ட எந்த வாகனமும் தேவைப்படவில்லை.

ஆதலின் தலைவர்களே, வைத்தியர் சொன்னதற்காகவேனும் நடவுங்கள். ஆனால் வீட்டு முற்றத்தைச் சுற்றியன்று. வன்னியின் வயல்வரம்புகளில், எல்லைக்கற்களை எண்ணியபடி நடவுங்கள். எண்ணிய கணக்கை நாடாளுமன்றத்தில் வையுங்கள். துணைக்குத் தொண்டர் கிடையாவிடின் கவலை வேண்டாம். ஒரு நாய் போதும்.