சத்தத்தைக் குறைச்சுப் போடு

போன செமஸ்டர் லீவுக்கு நாம் எல்லோரும் கூடலூர் பஸ்ஸில் ஊருக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நடுவட்டம் தாண்டியதும் பின் சீட்டில் ஒருவன் செல்போனில் ஈழப் போர்ப் பாட்டு ஒன்றைப் போட்டான். ஏழெட்டுப் பேர் விசில் அடித்தார்கள். ஒருவன் அதை அப்படியே ஸ்டேட்டஸ் வைத்தான். நானும் கை தட்டினேன், பொய் சொல்லக் கூடாது. அந்த மெட்டுக்கு ரத்தம் சூடாகாதவன் யார்!

வீட்டுக்குப் போய் அதே பாட்டை அம்மாயிக்குப் போட்டுக் காட்டினேன். "சத்தத்தைக் குறை சாமி" என்றார்கள். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு வீடியோ கேசட்டை எடுத்தார்கள்.

எங்களுடையது தாயகம் திரும்பியோர் குடும்பம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஜனங்களைக் கூறு போட்டார்களே, அந்தக் கணக்கில் அம்மாயி இந்தப் பக்கம், அவர் தங்கச்சி அந்தப் பக்கம். அம்மாயி 1975-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் கேம்ப் வழியாக டேன்டீயில் கொழுந்து பறிக்க வந்தார். சின்ன அம்மாயி 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடி, கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார். அப்படி மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பின்னாளில் துப்பாக்கி தூக்கிச் செத்தார்கள். சின்ன அம்மாயியின் மகனும் ஒருவர். எனக்கு மாமா முறை. 1999-ல், 21 வயதில்.

2002-ல் போர்நிறுத்தம் வந்தது. மறு வருஷம் அக்காவைப் பார்க்க வந்த சின்ன அம்மாயி கொண்டு வந்ததுதான் அந்தக் கேசட். 2009-க்குப் பிறகு அவரிடமிருந்து கடிதமும் இல்லை, போனும் இல்லை.

கேசட்டை ஓட்டிப் பார்க்க நான் பட்ட பாட்டை எலெக்ட்ரானிக்ஸ் பையன்கள் மட்டுமாவது மெச்ச வேண்டும். சீனியர் அண்ணன் ஒருவரிடம் பழைய டெக் கடன் வாங்கினேன். நம்ம ஊர் பனிக்கு டேப் முழுக்க வெள்ளைப் பூஞ்சை. ஸ்பிரிட் தொட்ட துணியால் அங்குலம் அங்குலமாகத் துடைத்து, ஹெட்டையும் மூன்று தடவை சுத்தம் செய்த பிறகுதான் படம் வந்தது.

பாட்டுக்கு மேல் பாட்டு. பனைமரம், கடல், அணிவகுப்பு, வெடி, கல்லறை வரிசையில் விளக்கு. இசை நன்றாகவே இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். எஸ்.ஜி.சாந்தன் போன்றவர்களின் குரல் சாதாரணக் குரலா? இங்கே சினிமாவில் பாடிய வாணி ஜெயராம்கூட ஈழப் பாட்டு பாடியிருக்கிறார். ஆனால் அந்தக் கேசட்டில் எல்லாச் சாவும் திருவிழா மாதிரி இருக்கிறது. செத்தவனின் அம்மா வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று எந்தப் பாட்டும் கேட்கவில்லை. அந்தப் பாட்டுகளில் பலவற்றை எழுதிய கவிஞர் புதுவை இரத்தினதுரை 2009 மே மாதம் சரணடைந்தவர்களோடு காணாமல் போனார். அவரைத் தேடிப் பாடுகிறவர் எத்தனை பேர்?

"அப்போ தமிழன் தன் வலியைப் பாடக் கூடாதா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பாடலாம். 1983-ல் நடந்தது பொய்யா, முள்ளிவாய்க்கால் பொய்யா? என் சண்டை பாட்டோடு அல்ல, பஸ்ஸில் அடித்த விசிலோடு. செர்ப் இனத்தவர்கள் 1990-களின் போஸ்னியா யுத்தத்தில் அக்கார்டியன் வாசித்துப் பாடிய வீடியோ ஒன்று பின்னாளில் இன்டர்நெட்டில் கேலியும் கிண்டலுமாகப் பரவியது. 2019 மார்ச் 15-ல் நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச்சில் மசூதிகளுக்குள் புகுந்து 51 பேரைக் கொன்றவன், காரில் வரும்போது அதைத்தான் போட்டுக் கேட்டான். அந்தப் போரும் ஈழப் போரும் ஒன்றல்ல, முடிச்சுப் போடவில்லை. போர்ப் பாட்டை விளையாட்டுக்குக் கேட்கிறவர்கள் நடுவில், விளையாட்டாக எடுத்துக்கொள்ளாத ஒருவனும் உட்கார்ந்திருப்பான் என்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. அந்தப் பாட்டுகளில் அடிக்கடி வரும் சொல் "மண்". எங்கள் லைன் வீட்டில் அதைக் கேட்கும்போது ஒரு மாதிரியாக இருக்கிறது. பிறந்த மண் அம்மாயியைக் கப்பல் ஏற்றியது. 1968-ல் தாயகம் திரும்பியோருக்காகவே ஆரம்பித்த டேன்டீயின் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க 2022-ல் ஆணை வந்தது. நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. இதற்கு யாராவது மெட்டுப் போட்டார்களா?

மூன்றாவது பாட்டில் மாமா வருகிறார். வரிசையில் நாலாவது ஆள். கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார், சாயலில் எங்க அம்மா மாதிரியே. நாலே செகண்டு. அதை மட்டும் செல்போனில் பிடித்துக் கொடுத்தேன். அம்மாயி கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்:

"பாட்டு வேணாம்யா. சத்தத்தைச் சுத்தமா நிப்பாட்டிட்டு, அவன் சிரிக்கிறதை இன்னொரு வாட்டி போடு."